வெந்நீர் அண்டாவும் சூரிய பகவானும்

குளிர் தேசங்களில் வீடு கட்டும்போதே அதைச் சூடாக்கும் வழியையும் யோசித்துவிடுகிறார்கள். அறைக்கு அறை வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. "நமக்கு எதற்கு ஐயா அந்தத் தொல்லை?" என்று நீங்கள் சிரிக்கலாம். சித்திரை வெயிலில் தர்மபுரிக்காரர்கள் இன்னும் பலமாகவே சிரிப்பார்கள்.

ஆனால் மார்கழி விடியற்காலையில் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தை எட்டிப் பாருங்கள். மூன்று கல் கூட்டிய அடுப்பு; அதன்மேல் வெந்நீர் அண்டா; எதிரே, ஊதுகுழலும் கையுமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு தாய். நம் வீட்டைச் சூடாக்க வேண்டாம். குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கத்தான் வேண்டியிருக்கிறது!

2016-ல் உஜ்வலா திட்டம் வந்த பிறகு ஏழை வீடுகளுக்கும் காஸ் அடுப்பு வந்தது. சோறும் குழம்பும் அதற்கு மாறின. வெந்நீர் மட்டும் பல வீடுகளில் விறகடுப்பிலேயே நின்றுவிட்டது. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்ற கவலைதான் காரணம்.

சற்றுக் கணக்குப் பார்ப்போமா? நாலு பேர் குளிக்க, ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 80 லிட்டர். அதை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 1,600 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 4,000 கிலோ கலோரி உண்டு. அப்படியானால் அரைக் கிலோ விறகே போதும் அல்லவா? போதாது! கல் அடுப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீரைச் சேருகிறது. மற்றதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. ஆகவே தினம் 4 கிலோ. மாதம் 120 கிலோ விறகு. கூடவே வரும் புகை அந்தத் தாயின் நெஞ்சுக்கு. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெயில் விழுகிறது. மேற்சொன்ன 80 லிட்டருக்கு 2 யூனிட்டுக்குக் குறைவாகவே போதும்! சூரிய வெந்நீர்க் கருவி இந்த வெயிலைத்தான் பிடித்து வைக்கிறது. இதற்கு மோட்டார்கூட வேண்டாம். சூடான நீர் லேசாகி மேலே தொட்டிக்கு ஏறும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். பகலில் காய்ந்த நீர் மறுநாள் காலை வரை சூடாகவே இருக்கும்.

குறையும் உண்டு. வாங்கும்போது பணம் ஒரு கை பார்த்துவிடும். ஐப்பசி மழையில் சூரியன் லீவு எடுத்துக்கொள்வான். உப்புத் தண்ணீர் விட்டால் குழாயில் காரை படியும். அதை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம். தர்மபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். அது காய்ச்சுவதால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் கடுமை கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது அதற்காகத்தான். ஆகவே கிணற்று வெந்நீர் குளிக்க மட்டுமே.

கருவி வாங்க வசதி இல்லையா? கரி பிடித்த அந்தப் பழைய அண்டாவையே காலையில் நீர் நிரப்பி, மூடி, நல்ல வெயிலில் வையுங்கள். மாலையில் குழந்தைகள் குளிக்க வெதுவெதுப்பான நீர் தயார். அன்றைக்கு ஒரு வேளையாவது அம்மாவின் கண் கலங்காது!