மாறாத பறவையின் குற்றம் யாது?

"காலத்துக்கேற்ப மாறத் தெரியாத உயிர் மறைந்துபோவதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது, ஐயா?"

களுவாஞ்சிக்குடியில் மாணவர் சிலரோடு உரையாடியிருந்தபொழுது ஒருவன் இவ்வாறு கேட்டான். அவன் சான்று காட்டியது தென்னமெரிக்காவின் ஒப்பொசம் என்னும் பிராணியை. வயிற்றுப் பையிலே குட்டி வளர்க்கும் அது, கனி, பூச்சி, தவளை, முட்டை, குப்பையிற் கிடக்கும் எச்சில் என எதையும் உண்ணும். கருவுற்ற இரு வாரத்துக்குள் ஈன்றுவிடும். பிரேசிலின் பெருநகரங்களில் வீட்டுக் கூரைகளிலும் குடியேறிவிட்டது. மெச்சத்தக்க சாமர்த்தியந்தான். நம்மூர் மரநாய்க்கு மட்டும் அது குறைவா? பகலெல்லாம் கூரைக்குள் உறங்கி, இரவிலே தென்னையில் ஏறிக் கள்ளு முட்டியில் வாய்வைக்கும் அதனை அறியாதார் யார்!

நான் அவனுக்கு மறுமொழியாக ஓர் ஆந்தையின் கதையைச் சொன்னேன். இத்தீவின் ஈரவலய மழைக்காடுகளில் மட்டுமே வாழ்வது, செந்நிறம், சாண் நீளமும் இராது. 1995-இல் கித்துல்கலைக் காட்டில் அதன் குரலைக் கேட்ட தீபால் வரக்காகொட, அதன் உருவைக் கண்டது 2001-இல், சிங்கராஜ வனத்திலே. ஆறு ஆண்டுகள் வெறுங்குரலாகவே இருந்த பறவை! 2004-இல் அதற்கு அறிவியற் பெயரிட்டபொழுது திலோ ஹொப்மன் என்பாரின் பெயரைச் சூட்டினர். ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராஜ மரங்கள் இயந்திரங்களால் வெட்டப்பட்ட எழுபதுகளில், அதனை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் அவர். வெட்டு நின்றது, 1988-இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அன்று அது நின்றிராவிடில், ஒருவர் கண்ணிலும் படாமலே அவ்வாந்தை அங்கிருந்து மறைந்திருக்கவுங்கூடும்.

மாறத் தெரியாத பறவை என்பது வீண்பழி. மழைக்காட்டின் இருளுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப நெடுங்காலம் மாறி மாறியே அது இவ்வுருப் பெற்றது. காட்டை ஒரு தலைமுறைக்குள் வெட்டிவிட்டு, 'நீயும் மரநாயைப்போல் கூரையில் ஏறு' என்பது என்ன நியாயம்? குற்றவாளியே நீதிபதியாவது போலன்றோ இது! (நம் இலக்கியக் கூட்டங்களிலும் இதே வாதம் வேறு வேடத்தில் வருவதுண்டு, அது பிறிதொரு நாளைக்கு.) ஒப்பொசத்தின்மீது எனக்குப் பகையில்லை. எச்சிலுண்டு பிழைப்பதற்கே தகுதியென்று பெயர் வைத்து, அவ்வளவுகோலை எல்லா உயிர்க்கும் நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

மாணவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அந்த ஆந்தை எப்படிக் கூவும், ஐயா?" என்றான்.

உலர்வலயத்துக்காரனாகிய நானும் அதைக் கேட்டதில்லை.