விருந்தாளி வந்தால் லாபம் யாருக்கு?

“வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா?”

வெளியூர் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. ஓட்டல் சாப்பாடு இரண்டு வேளைக்கு ருசிக்கும். மூன்றாம் வேளை வயிறு மிளகு ரசத்தைத் தேடும்.

இந்தத் தேட்டத்தை ஒரு தொழிலாக ஆக்கலாம் என்கிறது மத்திய அரசு. 2025-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசித்தார். வீட்டில் விருந்தினரைத் தங்க வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு “முத்ரா” கடன் கிடைக்கும் என்று அதில் அறிவித்தார். இப்படிப்பட்ட வீடுகளைத்தான் “ஹோம் ஸ்டே” என்கிறார்கள்.

முத்ரா கடன் 2015-ல் தொடங்கியது. இதற்கு நகை, நிலப் பத்திரம் எதையும் ஈடாக வைக்க வேண்டியது இல்லை. 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பெரிய கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை கொடுக்கலாம் என்று 2024-ல் உயர்த்தினார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் இது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மட்டும் உரிய செய்தியா? ஊத்தங்கரை போன்ற ஊரில் இது நடக்குமா?

யார் வருவார்கள்?

ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகர். குளிர்ந்த மலை இல்லை. அருவி இல்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். காற்று வாங்க இங்கே யாரும் வரப் போவது இல்லை.

ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள்!

கிருஷ்ணகிரியில் இருந்து திருவண்ணாமலை போகும் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது. பவுர்ணமி என்றால் பெங்களூரில் இருந்து கிரிவலத்துக்குக் கார்களும் பஸ்களும் வரிசையாக வருகின்றன. விடுதிகளோடு கூடிய தனியார் பள்ளிகள் இங்கே உண்டு. பிள்ளையைப் பார்க்கப் பெற்றோர் வெகு தூரத்தில் இருந்து வருகிறார்கள். போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையும் காலணித் தொழிற்சாலையும் வந்துவிட்டன. அங்கே வேலையாக வருகிறவர்களும் ராத்தங்கல் தேடுகிறார்கள்.

இவர்கள் யாரும் உல்லாசப் பயணிகள் அல்ல. இவர்களுக்குப் பட்டு மெத்தை வேண்டாம். சுத்தமான படுக்கை, சுத்தமான கக்கூஸ், வெந்நீர், நல்ல சோறு. இவ்வளவு போதும்.

களியும் முத்தேயும்

சோற்று விஷயத்தில் இந்தப் பக்கத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் கேழ்வரகுக்குப் பெயர் போனவை. சுடச்சுடக் களி, கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு ரசம். அசைவம் வேண்டுமானால் நாட்டுக்கோழிக் குழம்பு. ஆனி மாதம் என்றால் மாம்பழம்.

கர்நாடகத்தில் இதே களியை “முத்தே” என்கிறார்கள். பேச்சு மாறுகிறது, உருண்டை மாறவில்லை. பெங்களூரில் இருந்து வருகிறவருக்கு எல்லையைத் தாண்டியும் தன் வீட்டுச் சாப்பாடு!

2023-ம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்குப் பிறகு பெரிய ஓட்டல்களிலும் களி பரிமாறுகிறார்கள். பாட்டி கிண்டியதைப் பேரன் காசு கொடுத்துச் சாப்பிடுகிற காலம் இது.

ஒரு கணக்கு

சரி, பணத்துக்கு வருவோம்.

ஒரு குடும்பம் 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, வீட்டோடு ஒரு அறையும் குளியல் அறையும் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12 சதவிகிதம், தவணை 5 ஆண்டு என்றால், மாதம் சுமார் 4,450 ரூபாய் கட்ட வேண்டும்.

மாதத்தில் 8 இரவு ஆள் வருகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர். அறை வாடகை 700 ரூபாய் என்றால் 5,600 ரூபாய் வரும். இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம் இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 200 ரூபாய் என்றால் 3,200 ரூபாய். ஆக வரவு 8,800.

மளிகை, காய்கறிக்கு 1,600 போகும். சலவை, மின்சாரம் 500. தவணை 4,450. மிச்சம் 2,250 ரூபாய். 8 நாளுக்குப் பிரித்தால், நாளுக்கு 281 ரூபாய்!

இது யாருடைய கூலி? மாலையில் மாவு கரைத்து, துடுப்புப் போட்டுக் களி கிண்டி, விடியற்காலை எழுந்து இட்லி அவித்து, போர்வை துவைத்த வீட்டு அம்மாவின் கூலி. 2025-26-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அதைவிட இது குறைவு!

இனி கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மகள் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். அவள் இருந்த அறை காலியாகக் கிடக்கிறது. கடன் இல்லாமல் அதையே வெள்ளையடித்து வாடகைக்கு விட்டால், மாதம் 6,700 ரூபாய் மிஞ்சும். நாளுக்கு 837 ரூபாய். அதே சோறு, அதே உழைப்பு. தவணைதான் இல்லை.

குடகில் வீட்டு விடுதிகள் பெருகியதற்கும் இதுவே காரணம். அங்கே தோட்டத்து வீடுகள் முன்பே இருந்தன. காபி விலை விழுந்தபோது அவற்றின் கதவைத் திறந்தார்கள்.

யார் கையில் பணம்?

மத்திய அரசின் விதிப்படி இப்படிப்பட்ட வீட்டில் 1 முதல் 6 அறைகள் வரை விடலாம். சொந்தக்காரர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் செய்யக்கூடியவைதான்.

செய்யக் கடினமானது வேறு. முத்ரா கணக்குகளில் சுமார் 68 சதவிகிதம் பெண்கள் பெயரில் உள்ளவை என்று அரசு சொல்கிறது. கடன் அவள் பெயரில். சமையலும் அவள் கையில். ஆனால் விருந்தாளி கொடுக்கும் பணம் பல வீடுகளில் ஐயாவின் சட்டைப் பைக்குத்தான் போகும். இப்போதெல்லாம் செல்போனில் பணம் அனுப்புகிறார்கள். வாசலில் ஒட்டும் அந்தக் கட்டம் போட்ட அட்டை யாருடைய பாங்கிக் கணக்குக்கு உரியது என்பதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலையில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பாங்கிக்குப் போகும் முன் அந்த ஓர் இரவு, இருக்கும் அறையை விட்டு நாலு பேருக்கு ஆக்கிப் போட்டுப் பார்க்கலாம். வரவு செலவை நோட்டில் எழுதலாம். அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை மணிக்குப் படுத்தாள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதலாம்.