ஆட்டத்துக்கு மட்டும் மேடை

பேங்குக்கு லீவு போட்டுட்டு ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்குப் போனேன். சீரியல் பல்பு, துறைவாரி அரங்குகள், கோமுட்டேரியில் படகுக்கு வரிசை. மேடையில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஆட்டம். முன்வரிசையில் அதிகாரிகள். கைதட்டினார்கள், நானுந்தான் தட்டினேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். பந்தக்கால் குழிதான் மிச்சம். சாமை புடைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் விழாவைப் பற்றிக் கேட்டேன். "ஆடச் சொல்றாங்க, ஆடறோம். பேசச் சொல்லலியேப்பா."

பேசவிட்டால் எதைப் பேசுவார்கள்? 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழகக் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. மோதல் என்றார்கள். செம்மரம் வெட்ட வந்தார்களாம். செத்தவர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. சாமை விளைகிற மண்ணில் கூலிக்கு வழியிருந்தால் மலை தாண்டி ஏன் போகிறார்கள்?

அடுத்த விழாவில் அந்த மைக்கை அரைமணி நேரம் அவங்ககிட்ட குடுங்க.