தூரிகைக்கும் ஊதியம் வேண்டும்

கலைப்பீட மாணவருக்கு ஆசிரியப் பதவியோ எழுதுவினைஞர் பதவியோதான். சூழற்பாதுகாப்பு விஞ்ஞானபீடத்தாருக்கே உரியது என்பர் சிலர். இக்கூற்றை வரலாறே மறுக்கின்றது. கொழும்பு நூதனசாலையில் வரைஞராகச் சேர்ந்த ஜி. எம். ஹென்றி பின்னர் அங்கேயே பூச்சியியற் பணியாற்றினார். 1955இல் வெளிவந்த, இலங்கைப் பறவைகள் பற்றிய தமது நூலுக்குத் தாமே ஓவியமும் தீட்டினார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் படையில் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். அந்நீரில் உரமும் மலகூடக் கழிவும் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. ஆய்வுகூடத்தில் அளந்த உண்மை தோட்டஞ்செய்வோரைச் சென்றடையாதவரை கிணறு தூய்மையாவதில்லை. அவ்வுண்மையைப் படமாகவும் நாடகமாகவும் ஆக்குபவரும், நீர்மட்டத்தை ஊரவரே அளந்து பதியப் பழக்குபவரும் விஞ்ஞானப் பணியே செய்கின்றனர்.

அதற்குப் பதவியில்லையெனின் குறை கலையினதன்று, பதவிகளை வகுப்போரது. ‘தொண்டு’ எனப் புகழ்ந்து ஊதியத்தை மறுக்கும் வழக்கம் ஒழிக!