கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தோற்றவன் வாயை அடைக்கத் தமிழில் இதைவிடக் கூரிய பழமொழி இல்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாடியேறிச் செல்லும் ஸ்னூக்கர் கூடங்களில் பந்தைப் பற்றி ஓர் இளைஞன் குறை சொன்னால், உடனே இதைத்தான் அவன்மீது எறிகிறார்கள். "திறமை கையில் இருக்கிறது, பந்தில் இல்லை" என்று எங்கள் இலக்கிய நண்பர் ஒருவரும் அண்மையில் சொன்னார். இக்கூற்றை நாங்கள் மறுக்கிறோம். கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கக்கூடும். அந்தக் கோணலை அளந்து காட்டவும் இயலும்.

ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில், ஆங்கிலேய ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் கையில் பிறந்து, பின்னர் நம் உதகமண்டலத்தில், ஊட்டி கிளப்பில் விதிகள் பெற்றது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அக்காலப் பந்து யானைத் தந்தம். ஈரக்காற்றில் அது உருமாறும். தந்தத்தின் நடுவே ஓடும் நரம்புக்குழி பந்தின் மையத்தில் அமையாவிட்டால் ஒருபக்கமாகச் சாய்ந்து உருளும். தந்தத்துக்கு மாற்றுத் தேடித்தான் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹையட் செல்லுலாய்டுக்கு வந்து சேர்ந்தார். 1907இல் லியோ பேக்கலண்ட் உருவாக்கிய பேக்கலைட்டின் வழிவந்த ஃபீனாலிக் பிசின்தான் இன்றைய உயர்தரப் பந்துகளின் உடல். பெல்ஜியத்தின் சாலுக் நிறுவனத்து அராமித் பந்துகள் அவ்வகையின. பந்து ஒரு பொருட்டே இல்லையெனில், இத்தனை பேரும் எதற்காக உழைத்தார்கள்?

விதி தெளிவாக இருக்கிறது. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், கூடக்குறைய 0.05 மில்லிமீட்டர் வரைதான் விலகலாம். தொகுதியின் 22 பந்துகளில் மிகக் கனமானதற்கும் மிக லேசானதற்கும் இடையே 3 கிராமுக்கு மேல் வேறுபாடு கூடாது. ஆனால் ஒவ்வோர் அடியையும் வாங்குவது வெள்ளைப் பந்து. அதுவே முதலில் தேய்கிறது. அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலே எடையில் ஏறக்குறைய 4 கிராம் போய்விடும். அப்போது வெள்ளை எளிதாகப் பின்வாங்கும். முன்தொடர்ந்து செல்லத் தயங்கும். தேய்ந்த சிவப்புகளுக்கு நடுவே புது வெள்ளையைப் போட்டாலோ கதை தலைகீழ். மலிவான பாலியெஸ்டர் பந்துகளோ விரைவில் கீறல் விழுந்து வழவழப்பை இழக்கின்றன. உராய்வு கூடுவதால், மெல்லிய கோணத்தில் தொட்ட பந்து குறிவைத்த பாதையிலிருந்து விலகி ஓடுகிறது.

ஐயமிருப்போர் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளையைச் சுழலாமல் வழுக்கிச் செல்லும்படி அடித்து, மற்றொரு பந்தின் நடுமையத்தில் நேராக மோதவிடுங்கள். எடை சமமெனில் வெள்ளை அநேகமாக அங்கேயே நிற்கும். தானும் முன்னே நகர்ந்தால் கனம் மிகுதி. பின்னே எகிறினால் கனம் குறைவு.

"இருவரும் அதே பந்தில்தானே ஆடுகிறார்கள், இதில் அநீதி எங்கே?" என்பது அடுத்த வாதம். அன்றைய ஆட்டத்துக்கு அது சரி, பயிற்சிக்குச் சரியன்று. கேரம் ஆடுபவன் தன் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப்பையில் கொண்டுபோகலாம். ஸ்னூக்கர் ஆடுபவன் கோலைத்தான் கொண்டுபோகலாம்; பந்து கூடத்துக்காரர் தருவது. தேய்ந்த வெள்ளையில் ஈராண்டு பழகிய பூந்தமல்லிப் பையன், போட்டிக்காக நகரத்துக்குப் போய்ச் சமமான தொகுதியின் முன் நிற்கிறான். அவன் அறிந்த அடிக்கு வெள்ளை திரும்பி வர மறுக்கிறது. அவன் பந்தைச் சந்தேகிப்பதில்லை. தன் கையைத்தான் சந்தேகிக்கிறான். எங்களைச் சினங்கொள்ள வைப்பது இதுவே. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் உவமை தேடியபோது துலாக்கோலைத்தான் எடுத்தார். கோலே பொய்யானால் நிறுக்கப்பட்டவன் என்ன செய்வான்?

இது நடப்பது எந்த ஊரில் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பகலெல்லாம் மைக்ரோமீட்டர் பிடித்து நிற்பவர்கள் இவ்வூரார். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் உருப்படியைக் கழித்துப் போடத் தெரிந்தவர்கள். ஒரே பேரிங்கில் அளவு மாறிய குண்டுகளைக் கலந்து போட இவர்கள் சம்மதிப்பார்களா? மாலையில் அதே கைகள் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கலப்படத் தொகுதியில் ஆடுகின்றன.

நாங்கள் கேட்பது பெரிதன்று. புதுத் தொகுதி வாங்கப் பணமில்லையெனில் பழையதையே வைத்திருங்கள். ஆனால் தொகுதிகளைக் கலக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் பந்துகளைத் துடையுங்கள். மாதம் ஒருமுறை நகைக்கடைத் தராசில் வெள்ளையையும் சிவப்பையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்தப் பையன் தோற்றால், பழமொழியைத் தாராளமாகச் சொல்லுங்கள். நாங்களும் சேர்ந்து சொல்கிறோம்.