சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு



போன ஞாயிறு பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். வேதியியலில் பிஎச்.டி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. "கல்யாணம் காட்சிக்குப் போறதையே விட்டுட்டேன் டீச்சர். 'இன்னும் காலேஜ்ல வேலை கிடைக்கலையா?'ன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "பிஎச்.டி. முடிச்சா புரொபசர் ஆகலாம்" என்று எட்டாம் வகுப்பில் அவளுக்குச் சொன்னவள் நான்தான். வேறு வழி எனக்கே அன்று தெரியாது.

மருந்து கம்பெனி ஆய்வகம், காப்புரிமை அலுவலகம், அறிவியல் எழுத்து என்று வழிகள் உண்டு. "அங்கே இருப்பவர்களுக்கு எழுதிக் கேளேன்" என்றேன். "சிபாரிசு கேட்கிற மாதிரி இருக்குமே" என்றாள்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கியவர். உயிரியலில் ஆசை வந்ததும் மறுபடி மாணவரானார். ரைபோசோம் பற்றிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்துவிட்டு, எழுதியவருக்கே கடிதம் போட்டார். அதன் வழியாகத்தான் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய இடம் கிடைத்தது. பிறகு சுமார் 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை, ஆய்வகத்தில் சேர்ந்தார். 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு!

சிபாரிசு என்பது தகுதியில்லாத இடத்தைக் கேட்பது. அறிமுகம் என்பது நம் வேலையை எடுத்துச் சொல்வது. இதில் வெட்கம் எதற்கு?

உறவினர்களே, இனி "வேலை கிடைச்சுதா?" என்று கேட்காமல், "என்ன ஆராய்ச்சி பண்ணினே?" என்று கேளுங்கள். ஆய்வு முடித்து வெளி வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, என்ன வேலை என்று கீழே எழுதுங்கள். அவள் படிப்பாள்.