எண்பத்து நாலரை சென்டிமீட்டர்

குழந்தை என்றால் யார்?

சிரிக்காதீர்கள். இரண்டு வயது நாலு மாதத்தில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு லீவுக்கு எங்காவது போகலாம் என்று உத்தேசித்துப் பாருங்கள், கஷ்டம் தெரியும்.

விமானக் கம்பெனிக்காரரைக் கேட்டால், இரண்டு வயது முடிந்துவிட்டதா, அப்படியானால் அது மடியில் வைக்கிற குழந்தையில்லை, பயணி என்கிறார். தனி ஸீட், தனி டிக்கெட். டிஸ்னிலாண்டில் கொஞ்சம் தாராளம், மூன்று வயது ஆகும்வரை உள்ளே இலவசம். (உள்ளே இலவசம்தான். அதன் வாசல்வரை போய்ச் சேர ஆகிற செலவுக்குத்தான் வீட்டை விற்கவேண்டும்.) ரயில்வேக்கு ஐந்து வயது. தனியாக பெர்த் கேட்காதவரை சும்மா வரலாம். நம்ம ஊர் அரசு பஸ்ஸில் மூன்று வயதுவரைதான் ஓசி என்றிருந்ததை 2022-ல் ஐந்தாக்கிவிட்டார்கள்.

இத்தனை பேரிலும் கெட்டிக்காரர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான். பலர் வயதையே கேட்பதில்லை. வயதில் பொய் சொல்லலாம், உயரத்தில் சொல்ல முடியுமா? டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில் ஒரு அளவுகோலை நட்டுவைத்துவிட்டார்கள். நாங்கள் போக நினைத்த பூங்காவில் எண்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். அதைத் தாண்டினால் டிக்கெட். (பூங்காவின் பெயர் வேண்டாமே. இந்தக் கதையில் நடந்த தப்பெல்லாம் அடியேனுடையது.)

அன்று ராத்திரியே குட்டியைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்கவைத்து, தலையில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு கிழித்தேன். எண்பத்து நாலரை.

நான் பி.காம்., ஸார். இந்தப் பத்தி எழுதுகிற நேரம் போக, நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். கை சும்மா இருக்குமா? இந்த வயதில் குழந்தைகள் மாசத்துக்கு முக்கால் சென்டிமீட்டராவது வளரும். பாக்கியிருப்பது அரை சென்டிமீட்டர். ஆக, இன்னும் இருபது நாள். அதற்குள் போனால் இலவசம், தாண்டினால் தண்டம்.

குழந்தை கொஞ்ச நாள் வளராமலிருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட முதல் தகப்பன் நானாகத்தான் இருப்பேன். உள்ளே எட்டிப் பார்த்தால் அம்மா பருப்பு சாதத்தில் இன்னொரு ஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறாள்.

"அம்மா, நெய்யைக் கொஞ்சம் குறைச்சுக்கோயேன்."

"உன் காசா? போடா!"

இருபது நாளில் ஒரு தேதியைப் பிடிப்பது அடுத்த பாடு. சனி, ஞாயிறு கூடாது. இரண்டு நிமிஷ ராட்டினத்துக்கு முக்கால் மணி நேரம் க்யூ. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கலாம், இரண்டு வயசு பல்லைக் கடித்தால் அது நம் தோளில்தான் இறங்கும். பள்ளிக்கூட லீவு வரைக்கும் தள்ளினால் கூட்டத்தோடு கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஆக வார நாள். செவ்வாய் வேண்டாம் என்றாள் அம்மா. புதன் அஷ்டமி. வெள்ளிக்கிழமை என் மனைவியின் ஆபீஸில் மீட்டிங். வியாழக்கிழமை என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம். நாலாவது நபர் அப்பா. அவரை யாரும் கேட்கவில்லை. அதுவரை அவர் பட்ஜெட்டிலேயே இல்லை.

பட்ஜெட் போட்டேன். டாக்ஸி, டிக்கெட், சாப்பாடு, லாக்கர். கடைசியில் 'அனாமத்து' என்று ஒரு வரி. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், எந்தத் தலைப்பிலும் அடங்காத தொகையை ஒதுக்கிவைக்கிற கணக்கு அது. குழந்தையோடு போகிறவர்கள் முதலில் அனாமத்தைப் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் மற்றதைப் போடுவது நல்லது. கூட்டிப் பார்த்தேன். பகீரென்றது.

இந்தச் சமயத்தில்தான் என் கல்லூரித் தோழன் ஒருவன் வந்து சேர்ந்தான். கல்யாணமாகாதவன். ஆகவே, குழந்தை வளர்ப்பில் நிபுணன்.

"டேய், ரெண்டு வயசுல கூட்டிட்டுப் போறதெல்லாம் வேஸ்ட். ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. மனுஷனுக்கு முதல் ஞாபகமே மூணு, மூணரை வயசுலதான் ஆரம்பிக்குது. அதுக்கு முந்தினதெல்லாம் அழிஞ்சுடும். பேரே இருக்குடா, குழந்தைப் பருவ மறதின்னு."

விசாரித்தேன். நிஜம்தான். மூளையில் ஞாபகத்தைச் சேர்த்துவைக்கிற பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. செலவை இரண்டு வருஷம் தள்ளிப்போட விஞ்ஞானமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறதே!

ராத்திரி சாப்பாட்டின்போது மனைவியிடம் விஷயத்தை அவிழ்த்தேன்.

அவள் ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவளுக்கு ஞாபகம் இருக்காது, சரி. எனக்கு இருக்கும்ல?"

"அதில்லை..."

"ரெண்டு வருஷம் நாலு மாசம். பாத்ரூம் கதவைச் சாத்தினாக்கூட வெளியே நின்னு தட்டுறா. அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர்ல ஒரே ஒரு தடவை நான் தனியா ஏறணும்ங்க. அஞ்சு நிமிஷம் யாரும் என்னை அம்மான்னு கூப்பிடக் கூடாது."

இங்கே நான் வாயை மூடியிருக்கவேண்டும். என் ஜாதகம் விடவில்லை.

"எங்கப்பாகூடத்தான் சின்ன வயசுல எங்களை ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்லை. நாங்க வளரலையா?"

கூடத்தில் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்து பீரோவைத் திறந்தார். திரும்பி வந்தவர் சாப்பாட்டு மேஜையில், என் தட்டுக்குப் பக்கத்தில், பழைய ஆபீஸ் டைரி ஒன்றைத் திறந்தபடி வைத்தார். ஒன்றும் சொல்லாமல் போய் மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

1996. ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் பொடி எழுத்து.

'பையனை கிஷ்கிந்தா கூட்டிப்போனது. கைமாற்று (ஆபீஸில்) ரூ. 300. பையன் உள்ளே போனது முதல் தூக்கம். தோளில். திரும்பும்போது ரயிலில் விழித்து அழுகை.'

கிஷ்கிந்தா அப்போது தாம்பரம் பக்கத்தில் புதுசு. 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்று 1984-ல் இந்தியாவின் முதல் 3டி படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் 1995-ல் ஆரம்பித்தது. மெட்ராஸே தாம்பரத்துக்கு ரயிலேறிய காலம். எனக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அங்கே போனதாக எனக்கு ஒரு துளி ஞாபகம் கிடையாது.

பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த மாசம்: 'கைமாற்று திருப்பியது ரூ. 100.' அதற்கடுத்த மாசம் ஒரு நூறு. மூன்றாவது மாசம் ஒரு நூறு, பக்கத்தில் 'தீர்ந்தது'. கணக்கு சுத்தமாக டேலி ஆகியிருந்தது.

அம்மா என் தட்டில் மோர் ஊற்றினாள். "அன்னிக்குப் பூரா உன்னைக் கீழே விடலை. ரெண்டு நாளைக்கு நான்தான் தோளுக்குத் தைலம் தேய்ச்சேன்" என்றாள்.

பி.காம். முதல் வருஷத்தில் 'பிழைத் திருத்தம்' என்று ஒரு பாடம் உண்டு. பழைய தப்பை ரப்பர் வைத்து அழிக்கக்கூடாது, புதுசாக ஒரு பதிவு எழுதித்தான் நேர் செய்யவேண்டும். பட்ஜெட் தாளை எடுத்து இன்னும் இரண்டு டிக்கெட் சேர்த்தேன்.

அப்பா வருகிறார் என்றதும் அடுத்த பிரச்னை கிளம்பியது. வேட்டி! தண்ணீர் விளையாட்டு உள்ள பூங்காக்களில் பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும், சறுக்கு மரத்தில் மாட்டிக்கொள்ளும். நைலான் மாதிரித் துணிதான் வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டுவதையே மரியாதைக் குறைவாக நினைக்கிறவர். அவருக்கு அரை டிராயர் வாங்குகிறேன் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் குட்டியின் கையில் கொடுத்து அனுப்பினோம். "தாத்தா ஜட்டி!" என்று அவள் நீட்டினாள். அவர் மறுக்கவில்லை.

குட்டிக்கும் தனி உடுப்பு. சாதாரண டயபரோடு தண்ணீரில் இறக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே செய்த சமாசாரம் அது, குளத்தையே உறிஞ்சப் பார்க்கும். நாங்கள் ஒத்திகைக்காக வீட்டு டப்பில் உட்காரவைத்தோம். தூக்கியபோது பாதித் தண்ணீரைக் காணோம், குழந்தை எடை இரட்டிப்பு. நீச்சலுக்கென்று தனி டயபர் விற்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்துவைக்காது, மற்றதைப் பிடித்துவைக்கும். அது போதும்.

மனைவி போட்ட திட்டம் என்னுடையதைவிட உசத்தி. ராட்டினங்களை வைத்துப் போடவில்லை, குட்டியின் தூக்கத்தை வைத்துப் போட்டாள். காலையில் போனதும் தண்ணீரில்லாத விளையாட்டுகள். பன்னிரண்டுக்குப் பருப்பு சாதம். ஒன்றிலிருந்து மூன்றுவரை மர நிழலில் தூக்கம். வெயில் தாழ்ந்ததும் தண்ணீர். மூன்று செட் மாற்று உடை. கையில் பால்பாயிண்ட் பேனாவால் போன் நம்பர். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது, குழந்தை ஆகாரம் மட்டும் சரி என்று போனில் சொன்னார்களாம். புளியோதரையும் குழந்தை ஆகாரம்தான் என்று அம்மா கடைசிவரை வாதாடினாள்.

பதினேழாவது நாள். டிக்கெட் கவுன்ட்டர். குட்டியின் பீப்பீ செருப்பைக் கழற்றி அளவுகோல் பக்கத்தில் நிறுத்தினோம். தோளில் கை வைத்து லேசாக, மிக லேசாக, அழுத்தினேன்.

"ஸார், கையை எடுங்க" என்றார் அந்தப் பெண். சிரித்துக்கொண்டுதான்.

எடுத்தேன். எண்பத்தைந்தே கால்!

"பாத்தியாடா, என் நெய்யை!" என்று அம்மா அந்த இடத்திலேயே திருஷ்டி கழித்தாள். அனாமத்துக் கணக்கின் முதல் செலவை எழுதிக்கொண்டேன்.

உள்ளே போனால் ஒவ்வொரு பெரிய ராட்டினத்தின் வாசலிலும் இன்னொரு அளவுகோல். அதில் கோடு எங்கேயோ மேலே. ஸீட்டில் நம்மைப் பிடித்துவைக்கிற கம்பி பெரியவர்களின் தோளுக்கும் தொடைக்கும் அளவெடுத்தது, சின்ன உடம்பு நழுவிவிடும் என்பதற்காக. நியாயம்தான். ஆனால் என் பெண்ணின் நிலைமையைப் பாருங்கள். இலவசத்துக்கு உயரம் ஜாஸ்தி, ராட்டினத்துக்கு உயரம் கம்மி.

அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. குளத்துக்குப் போகிற வழியில் கால் நனைத்துக்கொண்டு நடப்பதற்காக ஒரு சின்னத் தொட்டி கட்டியிருந்தார்கள். நாலு விரற்கடை ஆழம். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவாள், திரும்புவாள், மறுபடி போவாள். அலைக்குளமாவது ஒன்றாவது! தாத்தாவும் நீல நிற அரை டிராயரோடு கூடவே நடந்தார். முழங்காலுக்குக் கீழே வெயிலே படாத வெள்ளை. நாற்பது தடவைக்கு மேல் நான் எண்ணவில்லை. திட்டத்தில் இருந்த மத்தியானத் தூக்கம் அந்தத் தொட்டியிலேயே கரைந்துபோயிற்று.

மனைவி ரோலர் கோஸ்டருக்குப் போனாள். நான் ஏழு பைகளோடு கீழே நின்றேன். உச்சியிலிருந்து அவள் கத்தியது காதில் விழுந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கத்தியது என்னைப் பார்த்து இல்லை. இறங்கி வந்தாள். தலைமுடி எட்டுத் திசைக்கும் நின்றது.

"இன்னொரு தடவை போகட்டுமா?"

மூன்று தடவை போனாள்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது மணி ஒன்பது. கூடத்தில் அப்பா இந்த வருஷத்து டைரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மொத்தம் எவ்வளவுடா ஆச்சு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து எட்டிப் பார்த்தேன். தொகைக்குக் கீழே நாலு வரி.

'கைமாற்று இல்லை. பேத்தி வீடு வரும்வரை விழிப்பு. பையன் டாக்ஸியில் ஏறியது முதல் தூக்கம். தோளில்.'